முப்பத்தேழு டிகிரியில் ஓராண்டு

இன்று மூடியைத் திறக்கிறோம்.
போன மார்ச்சில் வெதுவெதுத் தண்ணீரில் இட்ட குச்சிகள்.
மேல்பாதி ரெசின்,
கீழ்ப்பாதி ஃப்ரைபுர்க்கில் யாரோ ஒருவர்
வலித்துப் பிடுங்கிக்கொண்டு போன கடைவாய்ப்பல்.
குறுக்கே ஒரு மில்லிமீட்டர்.
நடுவில், கண்ணுக்குச் சிக்காத ஒட்டு.

பிசின் தோற்பதில்லை என்பாள் வீப்கே.
தோற்பது பல்லுக்குள் இருக்கும் நார்.
அமிலம் சுண்ணத்தைக் கழுவிப்போன பின்
வெற்றுடம்பாய் நிற்கிற கொலாஜன் நார்;
பிசின் போர்த்த மறந்த இடத்தில் ஈரம் புகும்,
பல்லிலேயே தூங்கிக் கிடந்த நொதி விழிக்கும்,
வீட்டுக்குள்ளிருந்தே தின்னத் தொடங்கும்.

அதற்குத்தான் திராட்சை விதை.
கைசர்ஸ்டூல் சரிவில், ஷில்லிங்கரின் ஆலைக்குப் பின்னால்
குளவி மொய்க்கும் சக்கைக் குவியல்.
இரண்டு வாளி இனாம்.
"பல்லுக்கா?" என்று தங்கப்பல் தெரியச் சிரித்தார்.
காயவைத்து, அரைத்து, சாராயத்தில் ஊறவைத்து
வடித்தால் செம்பழுப்புப் பொடி.
விதிப்படி கூடாது; நுனிநாக்கில் வைத்தேன்.
வாழைப்பிஞ்சு, கொட்டைப்பாக்கு, மாதுளைத் தோல்,
வாய்க்குள் யாரோ சுருக்குப்பையை இழுத்த மாதிரி.
துவர்ப்பு, என்றேன் தமிழில்.
நாரிலும் அதுதான் நடக்கிறது:
பக்கத்தில் கிடந்தவை
ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.

குறை இல்லாமலில்லை.
பல்லில் தேயிலைக் கறைபோல் ஒரு பழுப்பு.
பத்து நிமிடம் வாய் பிளந்து காத்திருக்க
எந்த நோயாளிக்கும் பொறுமை கிடையாது.
ஒரு நிமிடம்தான் பூசினோம்.

இவ்வூர்த் தெருவோரச் சிறு வாய்க்காலில்
வந்த முதல் வாரமே கால் விட்டேன்.
கால் நனைந்தவள் உள்ளூர்க்காரனைத்தான் கட்டுவாள் என்றார்கள்.
கட்டினேன்.
நாலு வருடம் நின்றது.

வீப்கே கவ்வியைப் பூட்டுகிறாள்.
இயந்திரம் மெதுவாக இழுக்கிறது.
சாறு படாத குச்சிகள்: பதினொன்று. ஒன்பது.
மூன்றாவது, இடுக்கியில் எடுக்கும்போதே இரண்டாயிற்று.
சாறு பட்டவை: இருபத்தெட்டு. இருபத்தாறு.
முப்பத்தொன்றில் ஒன்று டப்பென்று போனது.
குனிந்து பார்த்தால்
ஒட்டு அப்படியே இருக்கிறது,
முறிந்திருப்பது பல்.
வீப்கே கைதட்டினாள், ஒற்றைக் கையுறையோடு.

அந்த மூன்றாவதற்கு என்ன எண் போடுவது?
சுழியம், என்கிறாள். இழுக்கும் முன்பே விட்டுவிட்டதே.
தொடும்வரை ஒரு வருடம்
தண்ணீருக்குள் ஒட்டிக்கொண்டு இருந்ததே, என்கிறேன்.
அதற்குக் கட்டம் இல்லை, என்கிறாள்.

இல்லைதான்.
சுழியம் போடுகிறேன்,
பென்சிலால்.