பதினொரு நிமிடம்

உவர்மலை இறக்கத்தில் என் கடை.
போட்டோக் கொப்பி பத்து ரூபாய், மின்னஞ்சல் முப்பது,
விண்ணப்பம் நிரப்பினால் அவரவர் மனம்போல.
மழைக்கு மானும் வந்து நிற்கும் தகரச் சாய்ப்பின் கீழே.

திருமதி வில்வரத்தினத்துக்கு மின்னஞ்சல் முகவரி
நான்தான் திறந்துகொடுத்தேன், ஆணைக்குழுவுக்கு எழுத.
ஆணைக்குழு எழுதவில்லை.
லோமே என்ற ஊரிலிருந்து ஒரு வழக்கறிஞர் எழுதினார்:

'தங்கள் குடும்பப் பெயர் கொண்ட திரு. வில்வரத்தினம்
விபத்தில் காலமானார். வாரிசு இல்லை.
வங்கியில் எண்பத்தேழு லட்சம் டொலர்.'

இது களவு அக்கா, என்றேன்.
இதே கடிதம் அந்தோனிப்பிள்ளைக்கும் வரும்,
நசுறுதீனுக்கும் வரும், பெயர் மட்டும் மாறும்.
மறுமொழி போட்டால்
இங்கே ஆள் இருக்கு என்று காட்டிக்கொடுத்ததாகும்.

தலையாட்டினார். தெரியாததா?
இரவில் வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
விளக்கை அணைத்து மூச்சைப் பிடித்திருந்த ஊர்தானே.

பிறகு சொன்னார்:
'காசைப் பற்றிக் கேக்க வேண்டாம் தம்பி.
இடக்கையில சின்ன விரல்
பாதிதான் இருந்ததோ எண்டு மட்டும் கேளும்.'

மா ஆலை யந்திரத்தில் போன விரல்.
விரல் போய் ஆறாம் வருடம் ஆள் போனார்,
மூதூர் லோஞ்சுக்கென்று,
குடையை மறந்து வைத்துவிட்டு.

ஆங்கிலத்தில் அடித்தேன். அனுப்பினேன்,
என் முழு விரலால்.

பதினொரு நிமிடம்.
'ஆம் அம்மையீர், பாதி விரல், மிகச் சரி.
அடையாள அட்டைப் பிரதியும்
ஆவணக் கட்டணம் நானூற்றைம்பது டொலரும்...'

திரையைத் தொட்டார். கண்ணாடியில் ஒரு வியர்வை வட்டம்.
'பொய்யெண்டு தெரியும்.
ஆனா இருபத்தாறு வருசத்தில
கேட்ட கேள்விக்கு மறுமொழி போட்டவன்
இவன் ஒருத்தன்தான்.'

அட்டைப் பிரதியை நான் அனுப்பவில்லை.
அவ்வளவுதான் முடிந்தது.
வளையல் ஒன்று எனக்குத் தெரியாமல் அடகுக்குப் போய்,
வேறொரு கடை வழியாகக் கடல் கடந்துவிட்டது.

பிறகு பெட்டி நிரம்பத் தொடங்கியது.
லொத்தர் விழுந்தது, ஒரு ஜெனரலின் விதவை,
கனடா விசா, கிட்னி வைத்தியர்,
நாளுக்கு நாற்பது.
ஒருதரம் பாண்துண்டு போட்டால்
மறுநாள் கூட்டமாய் வருமே மான்கள், அப்படி.

அதில் ஒன்று:
'நான் உயிரோடு இருக்கிறேன்.
ஆஸ்பத்திரிக் காசு மட்டும் அனுப்பு.
இப்படிக்கு, வில்வரத்தினம்.'

அவர் பார்க்குமுன் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகும் வழியில்
எட்டிப் பார்த்தார். 'ஏதும் வந்ததோ?'
'ஒண்டும் வரேல்ல அக்கா.'
கச்சேரியில் கடைசி யன்னல் குரல்,
அப்படியே, என் வாயிலிருந்து.

ஆண்கள் பிடிக்கும் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு
இறக்கத்தில் போனார்.
சாய்ப்பின் கீழ் நின்ற மான்
நான் கசக்கி எறிந்த கடதாசி ஒன்றை மென்றது.
எந்தக் கடதாசி என்று பார்க்கவில்லை.