இல்லை என்பதற்கான சான்று

சத்துவாச்சாரி. திங்கட்கிழமை.
கலெக்டர் ஆபீஸ் மதிலோரம்
மடக்கு நாற்காலி, அட்டை, பசை, இரண்டு நீலப் பேனா.
மனு ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் எனக்கு.

பேரணாம்பட்டிலிருந்து வந்திருந்தாள்.
பெயர் கோட்டீஸ்வரி என்றாள்.
நான் சிரிக்கவில்லை, அவளே சிரித்துக்கொண்டாள்.
தொழில்: ஷூ கம்பெனி, மேல்தோல் தையல்.
பெண் குழந்தைகள் இரண்டு. தர்ஷிகா, லித்திகா.
கருத்தடை செய்தது அடுக்கம்பாறையில்,
தேதி மனப்பாடம்.

உறைக்குள் இன்னொரு தாள்:
ஆண் குழந்தை இல்லை என்று
தாசில்தார் கையெழுத்து, வட்ட முத்திரை.
இல்லாத ஒருவனைத் தேடி
வி.ஏ.ஓ. தெருவரைக்கும் வந்தாராம்,
எதிர்வீட்டில் விசாரித்தாராம்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சொன்னார்:
"அம்பதாயிரம்னா
வயித்தையே மூடிக்கிறாங்க பாரு."

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் சொன்னாள்.

"காசு வர்றதுக்குள்ள இதுங்க ரெண்டும்
காலேஜ் வாசல்ல நிக்கும்க்கா.
தங்கம் அப்போ இன்னா வெலையோ.
பால்வாடிய மூணரைக்கு வுட்டுர்றாங்க,
கம்பெனி அஞ்சரைக்கு.
நடுவுல ரெண்டு மணி நேரம்.
ஒண்ண பக்கத்து வூட்ல பாத்துக்குவாங்க,
ரெண்டுன்னா மொகம் சுளிப்பாங்க,
மூணாவதுக்கு யாரு?"

பசை உலரட்டும் என்று தாளை ஊதினாள்.

"வேணாம்னு நான் சொன்னா அது திமிரு.
கவர்மென்ட் காசு கைவுட்டுப் போவும்னு சொன்னா
அது கணக்கு.
கணக்குன்னா எங்க மாமனாரு தலையாட்டுவாரு."

பதினோரு வருடம் இந்த மதிலோரம்.
குடியாத்தத்து ஹமீதா, மாதம் ஆயிரம் வரத் தொடங்கியதும்
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
பீடி முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டதாகச் சொன்னாள்.
சோம்பேறி ஆகிட்டா என்றானாம் ஏஜென்ட்.
அவள் வாங்கியது ஒரு நாள்.
அந்த ஒரு நாளும் துணி துவைப்பதில் போகிறது.

எனக்கு ஒரே பையன்.
அடுத்தது கூடாதென்று
டாக்டர் சொல்லிவிட்டதாக வீட்டில் சொன்னேன்.
எந்த டாக்டரும் சொல்லவில்லை.
இருபது வருடமாக என் கர்ப்பப்பை
ஊரில் நோயாளி.
மாமியார் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார்,
குடித்தேன்.
அப்போது இப்படி ஒரு தாள்,
வட்ட முத்திரையோடு,
எனக்கும் கிடைத்திருந்தால்.

கோட்டீஸ்வரி நூறு ரூபாய் நீட்டினாள்.
மீதியை எண்ணாமல் சுருட்டிக்கொண்டாள்.
கம்பெனியில் இன்று ஒருநாள் சம்பளம் போனதாம்.
"இலவச பஸ்ஸுன்னா ரெண்டு மாறணும்க்கா.
இன்னிக்கு காசு குடுத்தே போறேன்,
மூணரைக்கு வாசல்ல நிக்கணும்."

உறையைத் தலைமேல் பிடித்தபடி
வெயிலில் சாலையைக் கடந்தாள்.
அடுத்தவர் வந்து உட்கார்ந்தார்,
முதியோர் பென்ஷன், மூன்று மகன்கள்.
"மூணு பேருன்னு எழுதினா
தள்ளிடுவாங்களாம்மா?" என்றார்.