தமிழ்ப் பிரதி

கச்சேரியில் என் மேசை
கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டிருக்கிறது.
பத்தொன்பது வருடமாக
கொழும்பு சொல்வதைத் தமிழாக்கிக்
கீழே ஒரு சுருக்கொப்பம் வைக்கிறேன்.
சொன்னது சரியா என்று பார்ப்பது என் வேலையில்லை.
சொல் சரியா என்று மட்டும்.

சித்திரையில் உரத்தடை.
'உடன் அமுலுக்கு வரும் வகையில்.'
ஆனியில் தடைக்கு விலக்கு.
ஆவணியில் விலக்குக்கு விளக்கம்.
அதற்குள் தோப்பூரில் வயல் மஞ்சளித்து
பதரை யூரியாப் பையில் கட்டிக்கொண்டு
பஸ் ஏறி வந்திருந்தார் நூகு லெவ்வை.
விளக்கத்தை வாசித்துக் காட்டச் சொன்னார்.
வாசித்தேன்.
"நல்ல தமிழ்" என்றார்.
பையை என் மேசையடியில் விட்டுவிட்டுப் போனார்.

பிறகு சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள்.
பதினொன்றை ஐம்பது வருடத்துக்கு எழுதிக் கொடுத்த கை
அமைச்சருடையதல்ல, அவருடைய மஸ்ஸினாவுடையது
என்று மறுப்பறிக்கை வந்தது.
மஸ்ஸினா என்றால் தமிழில் யார்?
மச்சானா, அத்தானா, கொழுந்தனா,
அக்காவைக் கட்டியவரா, தங்கையைக் கொடுத்தவரா?
கொழும்புக்கு அழைத்துக் கேட்டேன்.
அங்கே கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
"உறவினர் என்று போடுங்கள், மிஸ்."
போட்டேன்.
அந்த ஒரு சொல்லுக்குள்
அமைச்சரவையே வசதியாக உட்கார்ந்தது.

அமைச்சர் விலகினார். தாவகாலிக.
தற்காலிகம்.
இதற்கு நான் அகராதி பார்ப்பதில்லை.
சம்பூரில் எங்கள் காணிக்குக் கம்பி அடித்த அன்றும்
வேலியில் தொங்கியது இதே சொல்தான்.
அதைத் தமிழாக்கியவர்
எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்தவர்.
எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

மண்ணெண்ணெய் வரிசை திருக்கடலூரிலிருந்து வளைந்து
எங்கள் மதிலைத் தொட்ட கிழமை,
ஜனாதிபதி தொலைக்காட்சியில் பேசினார்.
கன்ரீனில் ஜெஸீமா சத்தத்தைக் குறைத்துவிட்டு
அவருடைய கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"தண்ணிக் கிளாசை மூண்டு தரம் தொட்டார், குடிக்கேல்ல" என்றாள்.
அன்றைய உரையில்
நான் தமிழாக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

வைகாசி இரவொன்றில்
ஊரடங்குக்கு நடுவே ஒரு ஹெலிகொப்டர்
விளக்கில்லாமல் டொக்யார்ட் பக்கம் இறங்கியது.
உட்துறைமுக வீதி நாய்கள் எல்லாம் எழும்பிவிட்டன.
ஆர் வந்தது, ஆர் போனது,
பெட்டி எத்தனை, பிள்ளைகள் எத்தனை:
விடியுமுன் ஊருக்கே கணக்குத் தெரியும்.

காலை எட்டு ஐந்துக்குத் தொலைநகல்.
மிக அவசரம்.
'வதந்திகளை நம்ப வேண்டாம்.'
மின்வெட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.
அடித்தேன், ஒப்பம் வைத்தேன், பிரதி எடுத்தார்கள்.
பஸ் நிலையம், மீன் சந்தை, ஆஸ்பத்திரி வாசல்
எல்லா இடமும் ஒட்டி முடிந்த பிறகுதான்
ஜெஸீமா ஓடி வந்தாள்.

'வதந்திகளை நம்ப வேண்டும்.'

டா இருக்கவேண்டிய இடத்தில் டு.
தெரிந்துதான் செய்தாயா என்று
நீங்கள் கேட்டால்,
ஆணைக்குழுவுக்கு முன்னால் அமைச்சர் சொன்னதைத்தான்
நானும் சொல்வேன்:
ஞாபகமில்லை.

நாலு நாள் காத்திருந்தேன்.
ஒரு முறைப்பாடு இல்லை, ஒரு அழைப்பு இல்லை.
ஒருவரும் வாசிக்கவில்லை,
அல்லது வாசித்தவர்களுக்கு அதில் பிழை தெரியவில்லை.
பஸ் நிலையத்தில் ஒட்டியதை
கோட்டை மான் ஒன்று
கோதுமைமாப் பசைக்காக ஓரத்திலிருந்து கிழித்துத் தின்றது.
மா விற்ற விலைக்கு
அதுவும் கொடுத்துவைத்த மான்தான்.

ஐந்தாம் நாள் புதிய சுற்றறிக்கை.
புதிய பெயர், புதிய கையெழுத்து,
'உடன் அமுலுக்கு' என்று அதே தொடக்கம்.
கதிரையை இழுத்துப் போட்டேன்.
கீழே யூரியாப் பையை எலி கடித்திருக்கிறது;
கால் வைக்கும் இடமெல்லாம்
பதர்.