கச்சானுக்கு எதிரே

பிரான்சிலிருந்து கேதாரன் சைக்கிளைப்
பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்திருந்தான்.
சில்லு தனி, ஹான்டில் தனி, ஒரு பை நிறையத் திருகாணி.
பூட்டி முடிக்க ஒரு பகல் போனது.
"வாகனமே வராத றோட்டு வேணும் மச்சாள்.
அப்படி ஒண்டு இருக்கோ?"

நீர்ப்பாசனக் கந்தோரில் எனக்கு வேலை.
வாகனம் வராத றோட்டில்தான் என் சம்பளம்.
அதற்கும் முன்னால், பெற்றோல் வராத காலத்தில்
ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷம்
வன்னி முழுக்க அப்படித்தான் ஓடினோம்.
நெல்மூட்டை, பிள்ளைத்தாய்ச்சி,
ஒருமுறை ஒரு தையல் மெஷின்,
எல்லாம் கரியரில் போனது.
அதற்கு ஒருவரும் சுற்றுலா என்று பேர் வைக்கவில்லை.
இதெல்லாம் சொல்லவில்லை.
"இருக்கு," என்றேன்.

மல்லாவிச் சந்தியில் தேத்தண்ணி.
வெளிக்குமுன் வவுனிக்குளத்துக் கட்டில் ஏறினோம்.
பனியில் நனைந்த கிறவல் கருஞ்சிவப்பு.
ஒருபக்கம் தண்ணி, மறுபக்கம் சிறுபோகப் பச்சை,
நடுவில் நாங்கள்.

அவன் இருக்கும் பக்கம் எரிமலைகளாம்.
அணைந்து ஆயிரக்கணக்கில் வருஷமாம்.
வாயோரத்தில் மாடு மேயுமாம்.
கைவிட்ட ரயில் பாதையைச் சைக்கிளுக்கு விட்டிருக்கினமாம்,
கறுத்தக் கல்லால் கட்டிய ஊர்களுக்குள்ளால்
நாள் முழுக்க ஒரு ஹோன் சத்தம் கேட்காமல் போகலாமாம்.
"ஏற ஏற மூச்சு முட்டும். பிறகு
பன்னிரண்டு கிலோமீற்றர் மிதிக்காமலே இறங்கலாம்."

மிதிக்காமல் இறங்குவது.
அதை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
என் கால்களுக்கு அந்தச் சொல் தெரியாது.

கட்டு திரும்பியதும் கச்சான் பிடித்தது.
எங்கள் ஏற்றம் அதுதான்,
கண்ணுக்குத் தெரியாத மலை,
ஆனியிலிருந்து ஆவணிவரை உச்சியே இல்லை.
அவனுக்கு இருபத்துநான்கு கியர். ஒவ்வொன்றாய் மாற்றினான்.
காற்று மாறவில்லை.
எனக்கு ஒரு கியர். ஹான்டிலில் நெஞ்சு முட்டக் குனிந்து
"எனக்குப் பின்னாலை வா" என்றேன். வந்தான்.

பாண்டியன்குளம் தாண்டக் காடு.
பாலைப்பழம் விழுந்து ரயரில் ஒட்டியது.
ஆவி பறக்கும் யானை லத்தியைக் கண்டு
ஐந்து நிமிஷம் இறங்கி நின்றோம், காதை மட்டும் முன்னால் அனுப்பி.
ஒன்றுமில்லை. குரங்குகள்.
வழியோரம் இடுப்புயரக் கறையான் புற்று,
செக்கச் செவேலென்று, உச்சியில் வாய் திறந்து.
"இந்தா, எங்கடை எரிமலை."
சிரித்தபடி படமெடுக்கக் கிட்டப் போனான்.
"விரல் வைக்காதை. இது இன்னும் அணையேல்லை.
உள்ளுக்கு ஆள் இருக்கு."

நட்டாங்கண்டலுக்கு இந்தப் பக்கம் காரை முள் ஏறியது,
அவனுடைய விலையான ரயரில்.
ஓட்டையைத் தேடத் தண்ணி வேண்டும்.
சின்னக்குளமொன்றின் கட்டுக்குக் கீழே, கசிவில்,
வட்டமாய் ஒரு மடு. ஓரமெல்லாம் கோரை, நடுவில் அல்லி.

"அங்கையும் இப்பிடித்தான் மச்சாள்,
கொம்பாசாலை கீறின மாதிரி.
எரிமலை வாயிலை தண்ணி நிண்டு குளமாகியிருக்கும்.
இது எப்பிடி வந்தது?"

"அங்கை கீழையிருந்து வந்தது.
இங்கை மேலையிருந்து."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.
ஒரு பருந்து. வேறொன்றுமில்லை.
தொண்ணூற்றாறில் போனவன் அவன்.

பிறகு ரியூபை நீருக்குள் அமுக்கினான்.
குமிழிகள் வரிசையாய் எழும்பி
அல்லி இலைக்கடியில் போய்க் கூடின.
"இதிலை," என்றான் மெதுவாக.
அரத்தாளால் உரோஞ்சி, சொலூசன் பூசி, ஊதினோம்.
ஒட்டுக் காயும்வரை பேசக்கூடாது என்று சட்டமில்லை.
பேசவில்லை.

திரும்பும்போது கச்சான் முதுகில் ஏறிக்கொண்டது.
"பெடலிலை இருந்து காலை எடு."
நம்பவில்லை. என்னைப் பார்த்து எடுத்தான்.
நிலம் தோசைக்கல்போலத் தட்டை,
என்றாலும் போய்க்கொண்டே இருந்தோம்.
அவன் சில்லு விலையுயர்ந்த விதமாய்க் கிறுகிறுத்தது,
என்னுடையது பல்லுப்போன கிழவிபோல.
குறுக்கே ஒரு எருமை வந்தது. என் பிறேக் கத்திய கத்தில்
குளத்துக் கொக்கெல்லாம் எழும்பின.

மல்லாவிவரை ஒட்டுத் தாங்கியது.