இரைச்சல்

பத்துகாணிக்கு மேலே டவர் கிடையாது.
மலை ஏறினால் கேரளாக்காரன் வரவேற்று
ஒரு மெசேஜ் அனுப்புவான், அதோடு சரி.
மாசியில் ரப்பர் தளிர்க்கும்,
தளிரின் காம்பில் தேன் கசியும்.
நூற்றிருபது பெட்டியோடு நான்
மெர்லின்தாஸ் தோட்டத்தில் வந்து இறங்குவேன்.

தோட்டத்து நடுவில் ஒரு வீடு. ஆளில்லை.
இரண்டு மாடி, நான்கு கேமரா.
வீட்டுக்காரர் ஹூஸ்டனில்.
கேமராவுக்காக
வருசம் முழுக்க வைஃபை விழித்திருக்கிறது.
காவல்காரர் பாகுலேயன்
ஒரு கிலோ தேனுக்குப் பாஸ்வேர்டு தந்தார்,
பீடிக்கட்டுத் தாளில் எழுதி.
அதில் ஓர் எழுத்து பெரியதா சிறியதா என்று
தெரியாமல் இரண்டு நாள் போயிற்று.

போனில் ஒரு குமிழைத் தள்ள வேண்டும்,
வைஃபை காலிங் என்று.
பிறகு கிணற்றடிச் சுவரில் முதுகு ஒட்டி நின்றால்
எல்லா போனையும் போல மணி அடிக்கிறது.
ஓரடி விலகினால் குரல்
நொய்யரிசி ஆகிவிடும்.

கிறிஸ்டல் பாய் எடுத்தாள்.
சங்கத்திலிருந்து லோன் நோட்டீஸ்,
சின்னவனுக்குப் பல்வலி,
தேன் டின்னுக்கு ஆள் வந்து போனது
எல்லாம் சொன்னாள். நிறுத்தினாள்.
"நீங்க எங்க நிக்குதிய?"
"பெட்டிகிட்ட."
"பெட்டிகிட்டயா? ஒரு ஈச்சத்தம் கேக்கல்லியே."

நூற்றிருபது பெட்டியும்
அப்போது என்னைச் சுற்றி இரைந்துகொண்டிருந்தன.
காது மடலில் ஒன்று நடந்தது.

அவள் கேட்டதில் நியாயம் உண்டு.
போன வருசம் களியக்காவிளை பாரில் இருந்துகொண்டு
பெட்டிகிட்ட என்று சொன்னவன் நான்.
அன்றைக்கு அவளுக்குக் கேட்டது
கிளாசும் கிரிக்கெட்டும்.

கை எட்டும் பெட்டியின் மூடியைத் திறந்து
போனை அடைமேல் பிடித்தேன்.
"இப்ப?"
"ஒண்ணும் இல்ல. வெறும் கிணறு மாதிரி இருக்கு."

பேச்சு அல்லாத எதையும்
இரைச்சல் என்று போனே வடித்துவிடுமாம்.
அது பெரியவன் பிறகு சொல்லித்தான் தெரியும்.
முப்பது வருசம் எனக்குச் சோறு போட்ட சத்தம்
அதன் கணக்கில் குப்பை.
மனுசன் சொல்வது மட்டும் பத்திரமாய்ப் போகும்,
பொய்யும் சேர்த்து.

அப்போது சுவர் பேசியது.
"ஆரது? பெட்டிக்காரரா?"
கேமராவின் வயிற்றில் ஸ்பீக்கர் இருப்பதை
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
மூடி கைநழுவியது. கண்ணோரம் ரெண்டு கொட்டு.
"வோய், நீரு போன் பேசினா
எனக்கு இங்க வீடு அப்படியே நிக்குது.
நேத்து ஒரு காக்கா
பதினஞ்சு நிமிசம் பறக்காம நின்னுது."
மன்னிக்கணும் சார் என்றேன்.
"பேசும், பேசும். வீடு எங்க ஓடப்போவுது."

"அது ஆரு?" என்றாள் கிறிஸ்டல் பாய்.
"வீடு."
வேறெதுவும் வாயில் வரவில்லை.
"வீடா?"
போனைச் சுவரோடு உயர்த்திப் பிடித்தேன்.
"நான் எங்க நிக்குதேன்னு
இவளுக்கு ஒருக்கா சொல்லும் சார்."

ஒன்றும் இல்லை.
அங்கே நடுராத்திரி.
பிறகு, "பொறும், படம் அசையட்டும்."

காத்திருந்தோம், மூன்று பேரும்.
ஈக்கள் காத்திருக்கவில்லை.

"ஆங். கிணத்தடியில நிக்காரு.
சட்டை பூரா ஈ.
இடது கண்ணு வீங்கிட்டு வருது."

அவள் சிரித்தது
பிசிறே இல்லாமல் வந்து சேர்ந்தது.
எத்தனை மாதம் ஆயிற்று என்று
எண்ணத் தொடங்குகையில் கரண்ட் போயிற்று.
சுவருக்குக் கண்ணும் போயிற்று, வாயும் போயிற்று.
ஒற்றைக் கண்ணால் தேடி
மூடியை எடுத்து மூடினேன்.
நோட்டீசில் கடைசித் தேதி என்னவென்று
கேட்கவே இல்லை.