கரண்ட் போன செவ்வாய்

குத்தாயிசியில் காலை பத்தே காலுக்கு
கரண்ட் போனது.
பாதி இழைத்த கடைவாய்ப் பல்
என் விரலிடுக்கில்.
பதினோரு வருஷ மிஷின்
மூச்சை நிறுத்தியும்
காதுக்குள் அதன் கொசு ஓயவில்லை.

பல்லை டப்பாவில் போட்டேன்.
வெள்ளைக் கோட்டோடு வேன் ஏறினேன்.

"அருவிக்கா? கூட யாரு?"
டிரைவர் தமாஸி கண்ணாடியில்
பின்னிருக்கையைத் துழாவினார்.
"யாருமில்லை."
துக்கச் செய்தி கேட்டவர்போல
ரேடியோவைத் தணித்தார்.

பாலத்தடியில்
திராட்சைப் பாகில் தோய்த்த அக்ரூட் சரம் விற்பவள்
கேட்காமலே இரண்டு கட்டினாள்.
ஒன்று போதும் என்றேன்.
ஒன்றின் விலைக்கு இரண்டையும் நீட்டினாள்,
இரக்கத்தையும் சேர்த்து.
இனிப்பாகத்தான் இருந்தது.

அருவி நினைத்ததைவிடச் சின்னது.
மழை குறைவாம்.
போஸ்டரில் இருந்தது வேறு யாருடைய அருவியோ.

ஆனாலும் கிட்டப்போய்
என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன்:
லாமரா.
எனக்கே கேட்கவில்லை.
கத்தினேன்.
அப்புறம் பேங்க் மேனேஜரைத் திட்டினேன்,
விவாகரத்து வக்கீலை,
போகிற போக்கில், பாவம்,
அந்தக் கடைவாய்ப் பல்லின் சொந்தக்காரரையும்.
தண்ணீர் எதையும் விசாரிக்கவில்லை.

எப்போதென்று தெரியாது,
கொசு நின்றிருந்தது.

திரும்பும் வேனில்
இரண்டாவது சரத்தை தமாஸியிடம் கொடுத்தேன்.
மென்றபடி
ரேடியோவைக் கூட்டினார்.

ஊருக்குக் கரண்ட் வந்துவிட்டது.
கோட்டுப் பையெல்லாம் ஈரம்.
பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்புகிறேன்.
யாரோ ஒருவர் இதால்
ரொட்டி மெல்லக் காத்திருக்கிறார்.

காத்திருக்கட்டும்,
இன்னும் ஒரு நிமிஷம்.
விரல் சுவிட்சின்மேல்தான் இருக்கிறது.