குட்டி ஏறினால்

தொண்ணூற்றிரண்டாம் வருடத்து ஆடி கார்.
நிறம் ஒருகாலத்தில் நீலம்.
ஜெர்மனியில் யாரோ ஒரு பல் மருத்துவர்
ஓட்டிக் களைத்துக் கழித்துவிட,
லிதுவேனியா வழியாக நாரினுக்கு வந்து
புருல்சாவின் கையில்
நாலு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும்
ஓடிக்கொண்டிருந்தது,

டோலோன் கணவாய் வரைக்கும்.

அங்கே நிற்கும்.
இருமல் இல்லை, திணறல் இல்லை,
பேச்சின் நடுவில் எழுந்துபோகிறவன் மாதிரி
சட்டென்று.
இருபது நிமிடம் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தால்
ஒன்றுமே நடக்காததுபோல்
ஒரே சாவியில் கிளம்பும்.

பெட்ரோலில் தண்ணீர் என்றான் மைத்துனன் சோரொன்பாய்.
டாங்கியைக் கழற்றிக் கவிழ்த்துக் கழுவினான்.
காயில் என்றது சந்தை. புதுக் காயில்.
பம்ப் என்றார்கள். புதுப் பம்ப்.
உயரம் என்றார் பேருந்து ஓட்டுகிற ஒருவர்,
மூவாயிரம் மீட்டரில் மனிதனுக்கே மூச்சு வாங்குமே.
அதற்கு மட்டும்
உதிரி பாகம் கிடைக்கவில்லை.

பிறகுதான் என் கண்டெய்னருக்கு வந்தது.
மூன்று முறை அவளோடு கணவாய் ஏறினேன்.
மூன்று முறையும் வண்டி
முதல் பெஞ்சுப் பிள்ளை.
மல்டிமீட்டர் மடியில் கிடந்து
பதினாலு வோல்ட், பதினாலு வோல்ட் என்று சாதித்தது.
கூப்பிட்ட நேரத்துக்கு எந்த வலி வந்திருக்கிறது?

"என் நோயாளிகளும் இப்படித்தான்" என்றாள்.
அவள் கால்நடை மருத்துவர்.
"எங்கே வலிக்கிறது என்று கேட்க முடியாது.
எப்போது என்று எழுதி வைப்பேன்."
நோட்டை எடுத்தாள்.
மடி வீங்கிய பசு, சினை ஆடு, கழுதையின் பல்,
இவற்றுக்கு நடுவே
வண்டி நின்ற பதினோரு தடவை.

தேதியில் ஒற்றுமை இல்லை. குளிரில் இல்லை.
ஏறும்போது நின்றிருக்கிறது, இறங்கி வெகுதூரம் வந்தும் நின்றிருக்கிறது.
(உயரம் அடிபட்டுப் போயிற்று. பேருந்துக்காரரிடம் நான் சொல்லவில்லை.)
கடைசிக் கட்டம், கட்டணத்துக்காக அவள் குறித்தது:
உடன் ஏற்றியது, குட்டி ஒன்று.
குட்டி இரண்டு. குட்டி ஒன்று.
பதினோரு தடவையும்
தாய் ஒதுக்கிய ஆட்டுக்குட்டி பின் இருக்கையில்.

சோரொன்பாய் விழுந்து விழுந்து சிரித்தான்.
பிறகு சிரிப்பை நிறுத்தி,
வண்டியைச் சுற்றி ஆர்ச்சாத் தழை புகைக்க வேண்டும் என்றான்.

"குட்டி ஏறினால் நீ என்ன செய்வாய்?"
"ஈரக் குட்டி. ஹீட்டரை முழுசாகத் திருப்புவேன்.
எனக்கு மட்டும் என்றால் கோட்டு போதும், பெட்ரோல் மிச்சம்."
(மிச்சமாகாது. அதை இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம்.)

டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்தேன்.
ஹீட்டரின் காற்றுக் குழாயில் ஒரு கிழிசல்.
அது ஊதும் இடத்துக்கு நேர் எதிரே
பம்புக்கு மின்சாரம் விடும் ரிலே,
தீப்பெட்டி அளவு.
மூடியை நெம்பி, பூதக்கண்ணாடி பிடித்தேன்.
சாலிடர் பொட்டு ஒன்றைச் சுற்றி
மயிரிழை வட்டம்.
ஆறியிருந்தால் தொட்டுக்கொண்டிருக்கும்,
சூடேறினால் கை விட்டுவிடும்.

ஈயம் ஒரு துளி.
குங்கிலியப் புகை ஓர் இழை எழுந்தது.
சோரொன்பாய்க்கு அதுவே போதுமாயிருந்தது.

புதுக் காயில், புதுப் பம்ப்,
கழுவின டாங்கி, இத்தனைக்கும் கொடுத்தவளிடம்
ஒரு துளி ஈயத்துக்கு என்ன கேட்பது?
அவளோ நம்பவே இல்லை.
மருந்து கேட்டதா, நோய் தானாகப் போனதா என்று
தெரியாமல் காசை எடுக்கிறவள் அல்ல.
பக்கத்து வீட்டில் ஒரு குட்டியைக் கடன் வாங்கி
என் மடியில் வைத்தாள்.

ஹீட்டர் முழு வேகம். வேர்த்து ஒழுகியது.
கணவாய் வந்தது.
போயிற்று.
இறக்கத்தில் எங்கோ
குட்டி என் மேல் மூத்திரம் பெய்தது.
நாற்றம் தாங்காமல் ஜன்னலை இறக்கப் போனாள்,
அது இறங்கவில்லை.

"இது எப்போதிலிருந்து?" என்றேன்.
"நோட்டில் இருக்கும்" என்றாள்.